வெள்ளிக்கிழமை மத்தியானம் அணைந்த பச்சை விளக்கு

எதிர்வீட்டுக் கதையைக் கேட்டாயா நஸீமா, வைஃபை வரவில்லையென்று மூன்று நாளாக மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பெட்டி இருக்கிற ஷெல்பை மாமியார் துடைத்தாளாம், அன்றைக்கே விளக்கு போய்விட்டதாம். "நீங்க தொட்டீங்களா, இல்லியா?" என்று மருமகள் கேட்டிருக்கிறாள். "நான் தொட்டது தூசிய, பெட்டிய இல்ல" என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். ஒரே பேஜார். யார் பக்கம் நியாயமோ எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு விளக்கு அணைந்தால், துடைக்கிற துணி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலில் மாட்டுவார். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். நானே மாட்டியிருக்கிறேன்.

கம்பெனி மலரில் போடுவதற்குப் பழைய ஆட்களின் அனுபவம் கேட்டார்கள் இல்லையா, அதற்கு இதையே சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நீ பாலர் பள்ளி டீச்சர். நான் சொல்லச் சொல்ல உன் புத்தகத் தமிழில் எழுதிக்கொள். மற்றவர்கள் பேசினதை மட்டும் அவர்கள் பேசினபடியே விட்டுவிடு. தலைப்பு வேண்டுமானால் நீயே போட்டுக்கொள். டீ ஆறுகிறது, முதலில் அதைக் குடி.

கண்ணாடி ரூம்

ஆபீசுக்கு வருவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் நான் தோல் பதனிடுகிற டேனரியில் பஃபிங் மெஷினில் இருந்தேன். காய்ந்த தோலை மெஷினில் விட்டு மேலே தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை. தேய்க்கத் தேய்க்க மாவு மாதிரி தூசி கிளம்பும். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்போம். சாயங்காலம் தலையை உதறினால் தரையில் நீலமும் பழுப்புமாக விழும். என் வீட்டுக்காரர் இருந்தபோது, நான் தெருமுனையில் வரும்போதே இன்றைக்கு எந்தக் கலர் ஓடியது என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். நான் பதிலுக்குச் சிரிக்கப் போய் இருமுவேன்.

அந்த இருமல் நிற்கவே இல்லை. இனிமேல் தூசிப் பக்கம் போனால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீஸ் மேனேஜர் இம்தியாஸ் பாய்தான் என்னை அங்கிருந்து எடுத்து ஆபீசில் போட்டார். அதே முதலாளியின் ஷூ கம்பெனி, ஆம்பூரிலேயே. கூட்டுவது, துடைப்பது, டீ போடுவது, யாரும் இல்லாத நேரத்தில் கதவைப் பார்த்துக்கொள்வது. இடுப்பில் முடிந்துகொள்ள ஒரு சாவியும் கொடுத்தார். அது கண்ணாடி ரூம் சாவி.

நஸீமா, நீ அந்த ரூமைப் பார்த்ததில்லை. ஆபீஸ் ஹாலின் கோடியில், நாலு பக்கமும் கண்ணாடி. உள்ளே ஏசி நிற்காது. வெளியே டேனரி வாசனையும் வெயிலும் சேர்ந்து மூச்சை முட்டும்போது, உள்ளே மார்கழி மாதிரி இருக்கும். இரும்பு அலமாரியில் வரிசையாகப் பெட்டிகள், எல்லாம் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகும். மேல் தட்டில் இருந்த தட்டையான பெட்டிக்கு ஃபயர்வால் என்று பேர். அதன் முகத்தில் சின்னச் சின்ன விளக்குகள் துடித்துக்கொண்டே இருக்கும். ஓரத்தில் ஒரே ஒரு பச்சை விளக்கு மட்டும் துடிக்காது. கண் கொட்டாமல் பார்க்கிற குழந்தை மாதிரி எரியும். தரையைத் துடைத்துவிட்டு நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். பதினெட்டு வருஷம் தூசியில் நின்றவளுக்கு அந்தக் குளிரும் அந்தப் பச்சையும் கிடைத்தால் வேறு என்ன வேண்டும்?

அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஸ்டெல்லா என்று ஒரு பெண், காட்பாடியிலிருந்து திங்கள்கிழமை தோறும் வருவாள். வெளிக் கம்பெனி ஆள். என்னை ஆயா என்றுதான் கூப்பிடுவாள். அவள்தான் ஒருநாள் டீ குடிக்கும்போது எனக்கு வி.பி.என். டன்னல் என்றால் என்னவென்று சொன்னாள். நம் ஷூவை வாங்குகிற கம்பெனி ஜெர்மனியில் இருக்கிறது. அவர்கள் ஆபீசுக்கும் நம் ஆபீசுக்கும் நடுவே, ஊர் உலகம் எல்லாம் போகிற இன்டர்நெட்டுக்குள்ளேயே, நாம் மட்டும் போய்வர ஒரு சுரங்கப்பாதை. அந்தக் கோடியில் ஒரு பெட்டி, இந்தக் கோடியில் இந்தப் பெட்டி. ரெண்டுக்கும் மட்டும் தெரிந்த ரகசிய வார்த்தையைச் சொல்லி ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் பாதை திறக்கும். உள்ளே போவது என்ன என்று வெளியே இருக்கிற யாருக்கும் தெரியாது.

எந்த விளக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எனக்குச் சுரங்கமே போதுமாக இருந்தது. அன்று முதல் மத்தியானத்தில் கண் சொக்கும்போதெல்லாம் நான் அதற்குள் நடப்பேன். கண்ணாடி ரூமின் கீழே இறங்கி, பாலாற்று மணலுக்கு அடியில் குனிந்து போவேன். மேலே லாரி போகிற சத்தம் லேசாகக் கேட்கும். அப்புறம் கடல். தலைக்கு மேலே கப்பல்கள் மெதுவாகப் போகும். சுவரெல்லாம் பச்சை வெளிச்சம். கையில் டிபன் கேரியர். அந்தப் பக்கம் கதவைத் திறந்தால், அங்கே என் மாதிரியே ஒருத்தி துடைப்பத்தோடு நிற்பாள். 'வந்துட்டியா, டீ போடட்டா?' என்று கேட்பாள். எந்தப் பாஷையில் கேட்பாள் என்று தெரியாது, ஆனால் எனக்குப் புரியும்.

சிரிக்காதே. எழுது.

வெள்ளிக்கிழமை

நம் ஊர் வெள்ளிக்கிழமையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மலரை வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள், அதனால் எழுது. பன்னிரண்டரைக்கெல்லாம் ஆபீசில் தண்ணீர்க் குழாய்ச் சத்தம், அத்தர் வாசனை, பையிலிருந்து தொப்பி. கம்ப்யூட்டர்களையெல்லாம் மூடிவிட்டு எல்லாரும் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள். தொழாதவர்களும் சாப்பிட வீட்டுக்குப் போவார்கள். கடைகளில் ஷட்டர் பாதி இறங்கும். பள்ளிவாசலிலிருந்து பேச்சுச் சத்தம் காற்றில் வரும், போகும். ரெண்டேகால் வரைக்கும் ஆம்பூரே ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்ததை இழுக்காமல் இருக்கிற மாதிரி இருக்கும். ஆபீசில் நான் ஒருத்திதான். கண்ணாடி ரூம் கதவிடுக்கில் குளிர் வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன்.

அவர்கள் போய் அரை மணி இருக்கும், அந்தப் பச்சை விளக்கு அணைந்துவிடும். ரெண்டேகாலுக்கு எல்லாரும் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி எரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மற்ற நாளில் நான் இருக்கிற நேரத்தில் அணைந்து பார்த்ததில்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அதுவும் ஜும்மாவுக்குப் போகிறது என்று நினைத்தேன். இந்த ஊரில் வெள்ளிக்கிழமை மத்தியானம் எதுதான் நிற்கவில்லை? மெஷின் நிற்கிறது, கடை நிற்கிறது, கணக்குப்பிள்ளை நிற்கிறார். முதலாளி அந்தப் பெட்டிக்கும் லீவு விடச் சொல்லி ஸ்டெல்லா அப்படிச் செய்து வைத்திருப்பாள் என்று எனக்குள் ஒரு முடிவு. நல்ல முதலாளி என்றுகூட நினைத்தேன். அணையும்போது, "போய்ட்டு வாப்பா" என்பேன். எரியும்போது, "வந்துட்டியா" என்பேன்.

சாவி

இப்படி மாதக்கணக்கில் ஓடியது. ஆனால் அதே மாதங்களில் இம்தியாஸ் பாயின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரு மேடம் புகார் மேல் புகார் அனுப்பிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அவர் உட்கார்ந்து, கண்ணாடி ரூமில் நிற்காமல் ஓடுகிற இன்னொரு பெட்டியில் இருக்கிற அந்த வாரத்து ஷூ படங்களையும் அளவுகளையும் சுரங்கம் வழியாக எடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்து, சரி என்று சொன்னால்தான் ஷூ கப்பலேறும். அவருக்குக் காலை ஒன்பது என்றால் நமக்கு ஒரு மணி சுமார். அந்த நேரத்தில் பாதை திறக்கவே இல்லை என்று புகார்.

திங்கள்கிழமை ஸ்டெல்லா வந்து பார்ப்பாள். எல்லாம் நன்றாக இருக்கும். ஃபயர்வால் பெட்டி தனக்குள்ளேயே எழுதி வைக்கிற குறிப்பு ரெண்டு நாளைக்குத்தான் நிற்குமாம், பழசை அழித்துவிட்டுப் புதுசை எழுதிக்கொள்ளுமாம். அதனால் வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று திங்கள்கிழமை பார்த்தால் ஒன்றும் இருக்காது. இம்தியாஸ் பாயும் ஜும்மா முடிந்து வந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்ப்பார். திறக்கும். "நம்ம பக்கம் நல்லாதான இருக்குது, அவங்க பக்கம் எதுனா கோளாறா இருக்கும்" என்பார். அந்தப் பக்கமும் அதையே சொல்வார்கள்.

கடைசியில் ஸ்டெல்லா ஒரு வெள்ளிக்கிழமையே வந்து உட்கார்ந்தாள். எல்லாரும் போன பிறகு நானும் அவளும்தான். லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் கோடியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிங் என்று பேர் அதற்கு. இங்கிருந்து 'இருக்கியா' என்று கேட்கும், அங்கிருந்து 'இருக்கேன்' என்று வரும். வரி வரியாக, தறியில் நூல் ஓடுவது மாதிரி. ரெண்டு மணி நேரம் ஒரு வரிகூட அறுபடவில்லை. மேடமும் அன்றைக்குப் படமெல்லாம் எடுத்துவிட்டார். பச்சை விளக்கும் அன்றைக்கு அணையவே இல்லை. நான் அதைக் கவனித்தேன். விருந்தாளி வந்திருக்கும்போது வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன்.

இம்தியாஸ் பாய் திரும்பி வந்ததும் அவள், "இன்னிக்கு ஒண்ணுமே ஆகல பாய்" என்றாள்.

அவர் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "நீ இருந்தா ஆகல. நீ இல்லாதப்ப ஆகுது. அந்த நேரத்துல இங்க இருக்கறது யாரு?"

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் துணி இருந்தது.

அவர் கெட்டவர் இல்லை நஸீமா. சத்தம்கூடப் போடவில்லை. துடைக்கும்போது தெரியாமல் ஒயர் லூசாகியிருக்கும் என்றார். நான் தரையைத் தவிர ஒன்றையும் தொட்டதில்லை என்றேன். தொட்டது தெரிந்தால்தானே சொல்லுவீர்கள் என்றார். அப்புறம் உள்ளே போய் முதலாளியிடம் போனில் பேசிவிட்டு வந்து கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க நவநீதம்மா. ஆபீஸ் க்ளீனிங்குக்கு வெளி ஆளுங்கள வைக்கச் சொல்லிட்டாரு முதலாளி. ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீங்க பழைய செக்‌ஷனுக்கே போய்டுங்க."

பழைய செக்‌ஷன் என்றால் பஃபிங். என் நெஞ்சுக்கு அது எத்தனை மாதம் தாங்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்க்க நேரமாயிற்று. வியர்வையில் முடிச்சு இறுகிப் போயிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணாடி ரூம் பூட்டியிருந்தது. கதவிடுக்கில் குளிர் மட்டும் வந்தது. டிபன் கேரியரைத் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வழக்கமான நேரத்துக்குப் பச்சை விளக்கு அணைந்தது. என் கஷ்டம் அதற்கு என்ன தெரியும், அது பாட்டுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவர்கள் தேடுவது ஒயரில் இருக்கிற ஏதோ ஒன்று, இது விளக்கு, இது ஜும்மாவுக்குப் போகிறது. ரெண்டும் எனக்கு வேறு வேறு. அன்றைக்கும் மேடத்தின் புகார் வந்தது. ரூம் பூட்டித்தானே இருந்தது என்று யாரோ கேட்டதற்கு, "லூசான ஒயர் பூட்டுனா டைட் ஆய்டுமா?" என்றாராம் இம்தியாஸ் பாய்.

அரை மணி நேரம்

திங்கள்கிழமை ஸ்டெல்லா வந்தாள். ஒவ்வொரு ஒயராகக் கழற்றி மாட்டினாள். எல்லாம் டைட்டாகத்தான் இருந்தது. டீ கொண்டு போனேன். உள்ளே வர எனக்கு அனுமதி இல்லை, அதனால் அவள் கதவுக்கு வெளியே வந்து தரையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னால்தான் உங்களுக்கு இப்படி ஆகிவிட்டது என்று கண் கலங்கினாள். சின்னப் பெண், அவள் மேல் என்ன தப்பு? ஏதாவது பேசிச் சிரிக்க வைக்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"அத வுடும்மா. நீ வந்த வெள்ளிக்கிழம மட்டும் அவன் ஜும்மாவுக்கே போகல தெரியுமா? நீ சர்ச்சுக்குப் போற பொண்ணு, தனியா இருக்கியேன்னு துணைக்கு இருந்துட்டான்."

"எவன் ஆயா?"

"அதோ, அந்தப் பச்ச வெளக்கு."

டம்ளர் அவள் வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. திரும்பிக் கண்ணாடி வழியாக அந்த விளக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அது எங்க போவும்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் போன அரை மணியில் அணைவது, திரும்பி வந்து உட்கார்ந்ததும் எரிவது, முந்தாநாளுக்கு முந்தின நாள், அந்த வெள்ளிக்கிழமை, ரூம் பூட்டியிருந்தபோதும் அணைந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னாள், "ஆயா, அந்த வெளக்குதான் டன்னல்."

அப்புறம் நடந்தது என் வாழ்நாளுக்கும் மறக்காது. அவள் நேராக இம்தியாஸ் பாயிடம் போய், அரை மணி நேரம் ஆபீசில் ஒருவரும் ஒன்றையும் தொடக்கூடாது என்றாள். திங்கள்கிழமை, உச்சி வேலை நேரம். அவர் முறைத்தார். அவள் நகரவில்லை. சரி என்றார். பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் ஜெர்மனிப் பக்கம் போகிற ஜன்னல்களையெல்லாம் மூடினார்கள். கையைக் கட்டிக்கொண்டு எல்லாரும் கண்ணாடி ரூமைச் சுற்றி வந்து நின்றார்கள்.

திங்கள்கிழமைக்குள் ஒரு வெள்ளிக்கிழமை வந்து புகுந்துகொண்ட மாதிரி இருந்தது நஸீமா. கீபோர்டு சத்தம் இல்லை. பேச்சு இல்லை. ஏசி மட்டும் முனகியது. இம்தியாஸ் பாய் கையில் தஸ்பீஹ் ஜபமாலையின் மணி ஒவ்வொன்றாக நகர்ந்தது. ஸ்டெல்லா, தவறிப்போய்த் தட்டிவிடுவோமோ என்று ரெண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அத்தனை முகமும் தெரிந்தது, அத்தனை முகத்துக்கும் நடுவில் அந்தப் பச்சைப் புள்ளி. இன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே, இவன் எங்கே போகப் போகிறான்? போகாவிட்டால் ஒண்ணாந்தேதி நான் தூசியில் நிற்க வேண்டும். இருபது நிமிஷம். இருபத்தைந்து. யாரோ தும்மினார்கள், எல்லாரும் திரும்பி முறைத்தோம். பார்த்துப் பார்த்து, மறுபடி எனக்குச் சுரங்கம் தெரிந்தது. நீளமாக, காலியாக, ஒரு காலடிகூட இல்லாமல். அந்தக் கோடியில் ஒருத்தி கதவை மூடலாமா என்று பார்க்கிறாள்.

விளக்கு அணைந்தது.

"போய்ட்டான்" என்றேன்.

இம்தியாஸ் பாய் அந்தக் கறுத்துப்போன இடத்தைக் கையால் காட்டினார். "இத்தன மாசமா இதப் பாத்துட்டு இருந்தீங்களா? ஏம்மா சொல்லல?"

"நீங்களும்தான் போறீங்க பாய். ஏன் போறீங்கன்னு என்னிக்காவது கேட்டனா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததும் ஆபீசே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சாவிக்கொத்தை எடுத்து, அதில் சேர்த்துவிட்டிருந்த என் சாவியை நகத்தால் நெம்பி நெம்பிக் கழற்றினார். கையில் கொடுக்கவில்லை. கண்ணாடி ரூம் பூட்டைத் தானே திறந்து, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, நகர்ந்து எனக்கு வழி விட்டார். வெளி ஆட்கள் சமாசாரத்தை முதலாளியிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். பேசினார். ரிட்டையர் ஆகிற வரைக்கும் அந்தச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

அட்வான்ஸ்டு பக்கம்

ஸ்டெல்லா அன்றைக்கு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சரி செய்தாள். லேப்டாப்பில் ஃபயர்வால் பக்கத்தைத் திறந்து, டன்னல் பேரைத் தட்டி, கீழே அட்வான்ஸ்டு என்று இருந்ததை விரித்தாள். ஆறு மாதமாக ஒருவரும் விரித்துப் பார்க்காத பக்கம் அது. பெட்டி வாங்கும்போது எப்படி வந்ததோ அப்படியே இருந்தது.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நெட்வொர்க் படிக்கிற பிள்ளைகள் தப்பிருந்தால் திருத்திக்கொள்ளட்டும். டன்னலுக்கு ரெண்டு கட்டம். ஃபேஸ் ஒன்றில் ரெண்டு பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் பார்க்கும். ஃபேஸ் டூவில்தான் சரக்கு போகிற பாதை போடும். ஐடில் டைம்அவுட் என்று ஒன்று. அதில் முப்பது நிமிஷம் என்று இருந்தது. முப்பது நிமிஷம் யாரும் நடக்காவிட்டால் பாதையை மூடிவிடு என்று அர்த்தம். மற்ற நாளில் ஆபீசில் யாராவது எதையாவது தட்டிக்கொண்டே இருப்பார்கள், மூடாது. வெள்ளிக்கிழமை எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து போய்விடுகிறார்கள்.

"மூடுனா இன்னா? அந்த மேடம் கூப்பிட்டாத் திறக்க வேண்டியதுதான?" என்று கேட்டேன்.

"அங்கதான் ஆயா விஷயம். அவங்க பெட்டி பதில் மட்டும்தான் சொல்லும், தானா முதல்ல கூப்பிடாது. அவங்க கம்பெனி ரூல் அது. நம்மளுதுதான் கூப்பிடணும்."

அதாவது, அந்த அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்திருக்கிறார், நாம் கூப்பிடுவோம் என்று. ஜும்மா முடிந்து இங்கே யாராவது தட்டிப் பார்த்தால், தட்டின உடனே திறந்துகொள்ளும். கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பதே கோளாறைச் சரி செய்துவிடுகிறது. ஸ்டெல்லா ரெண்டு மணி நேரம் பிங் விட்டதும் அதே கதைதான். தட்டிக்கொண்டே இருந்தால் அது எப்படித் தூங்கும்?

ஐடில் டைம்அவுட்டைப் பூஜ்யம் ஆக்கினாள், பூஜ்யம் என்றால் மூடவே மூடாதே என்று அர்த்தமாம். கீப் அலைவ் என்பதில் டிக் போட்டாள். இனி ஆள் இல்லாவிட்டாலும் பெட்டியே கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் 'இருக்கியா' என்று கேட்டுக்கொள்ளும். டெட் பியர் டிடெக்‌ஷன் என்று இன்னொன்று. அந்தப் பெட்டி பதில் சொல்லாவிட்டால், செத்துப்போன பாதையையே பிடித்துக்கொண்டு உட்காராமல் புதுசாகக் கூப்பிடும். லைஃப்டைம் என்பது ரகசிய வார்த்தையிலிருந்து பிறக்கிற சாவியை எத்தனை நேரத்துக்கு ஒரு தரம் மாற்றுவது என்ற கணக்கு. அது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அந்த ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சரிபார்த்தாள். சேவ் பண்ணிவிட்டு, பக்கத்தை மூடி, மறுபடி எல்லாரையும் கையைக் கட்டச் சொன்னாள். இந்தத் தடவை நாற்பது நிமிஷம். பச்சை அசையவில்லை.

நான் இதில் கற்றுக்கொண்டது ரெண்டு. நான் பார்க்கிறது எல்லாருக்கும் தெரியும் என்று நான் நினைத்தேன். நான் எதையும் பார்க்கிறதே இல்லை என்று அவர்கள் நினைத்தார்கள். ரெண்டும் சேர்ந்தால் ஒரு சாவி போகும். சின்னப் பிள்ளைகளே, ஒரு லைன் கட் ஆகிறது என்றால் முதலில் தட்டாதீர்கள். தட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் யார் என்று பார்த்து, அவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் ஜும்மாவுக்குப் போனார்கள். நான் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. பள்ளிவாசல் சத்தம் வந்தது, போயிற்று. தெருவில் ஒரு நாய் நடுரோட்டில் படுத்துத் தூங்கியது. அந்த மேடம் இந்நேரம் என் காலடியில் சுரங்கத்துக்குள் வந்து, படமெல்லாம் வாரிக்கொண்டு போய்க்கொண்டிருப்பார் என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஊரே கண் மூடியிருக்கும்போது அது ஒன்று மட்டும் விழித்துக்கொண்டிருந்ததைப் பார்க்க, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. என் வேலையைக் காப்பாற்றப்போய் அதன் லீவு போய்விட்டது. "நீ இருப்பா, நானும் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் எந்த வெள்ளிக்கிழமையும் நாங்கள் ரெண்டு பேரும்...

அது என்ன சத்தம் நஸீமா? தண்ணீர் கொட்டுகிறதா? ஐயோ, மோட்டார். நீ வந்து உட்காருவதற்கு முன்னால் போட்டது, பேச்சில் மறந்தே போனேன். யாரும் பார்க்காமலே இத்தனை நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது பாவம். தள்ளு, தள்ளு, போய் நிறுத்திவிட்டு வருகிறேன்.